ஒன்றைத் தொட வேண்டிய முள்

கோவில்பட்டியில் தீக்குச்சி மொத்த வியாபாரம் செய்யும் பூவனலிங்கம் அண்ணாச்சி, 2002 வரைக்கும் தன் வண்டியில் அடுத்த ஆளை ஏற்றியதாக வரலாறு கிடையாது. இடைசெவல் பஸ் ஸ்டாப்பில் யாராவது கை காட்டினால், அவரும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போவார். மரியாதை தெரிந்த மனிதர்.

அந்த வருஷம் கோயம்புத்தூரில் ஒரு பழைய கார் வாங்கினார். ரேஸ் கிறுக்குப் பிடித்த பையன் ஒருவன் டர்போ மாட்டி ஓட்டிய கார். ஸ்டியரிங் பக்கத்தில் வட்டமாக ஒரு பூஸ்ட் மீட்டர். "இந்த முள்ளு ஒன்னைத் தொடும் சார்" என்றிருந்தான் பையன்.

தொடவில்லை. நின்றால் சைபருக்குக் கீழே கிடந்தது. ஓடினால் சைபர் பக்கத்தில் சோம்பல் முறித்தது. கூட வந்த மச்சினன் சோலைராஜ், "செத்த மீட்டரை உங்க தலையில கட்டிட்டான் அத்தான்" என்றான். சொந்தக்காரர் வீடு வீடாகவும் போய்ச் சொன்னான். மகள் சுகுணா கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கையில், 'ஏமாந்த அண்ணாச்சி' என்று பேராகிவிட்டது.

"முள்ளு ஒன்னைத் தொட்டுட்டா, கல்யாணப் பந்தியில எந்திரிச்சு நின்னு நான் சொன்னது தப்புன்னு சொல்லுதேன்" என்றான் சோலைராஜ்.

மெக்கானிக் கிபாயத்துல்லா பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. எஞ்சின் விடுத புகை டர்போவைச் சுத்துது, அது காத்தை எஞ்சினுக்குள்ள அமுக்குது. எம்புட்டு அமுக்குதுன்னு முள்ளு காட்டுது. சும்மா நிக்கையில எஞ்சின் காத்தை உறியும், அதான் சைபருக்குக் கீழ. நல்லா மிதிங்க, ஏறும்."

"மிதிச்சா வண்டி வேகமால்லா போகும், பாய்?"

"அதுக்குத்தான அண்ணாச்சி டர்போ."

நாற்பதுக்கு மேல் போக அண்ணாச்சிக்குப் பயம். முள் ஏறணும், வேகம் ஏறக் கூடாது. என்ன செய்ய?

வழி காட்டியவர் அவர் மனைவி வெயிலுகந்தம்மாள். தன் உறவுக்காரப் பெண்களையும் ஒரு உளுந்து மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் கிளம்பினார். மேம்பாலம் ஏறுகையில் வண்டி திணறியது. அண்ணாச்சி வேறு வழியில்லாமல் மிதித்தார். வேகம் முப்பதுதான், முள் அரையில் நின்றது.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் கார் நின்றது.

"ஏ மாடத்தி, ஏறு."

தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகும் மாடத்தி, வேறு மாடத்தி நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்னியத்தான். எடை எம்புட்டு இருப்ப?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"சும்மா கேக்கேன். கூட யாரு வாரா, கொஞ்சம் குண்டா?"

ஒல்லியானவர்களை நாளைக்கு வரச் சொன்னார். ஒரே வாரத்தில் ஊர் அவரை வள்ளல் என்றது. எலெக்‌ஷனில் நிற்கப் போகிறார் என்றும் சிலர் சொன்னார்கள். முள் முக்காலுக்கு வந்திருந்தது.

அப்புறம்தான் சோலைராஜை அழைத்தார். மாடத்தியோடு வேலை பார்க்கும் சுடலையம்மாள் பின்சீட்டில் நுழைய முடியாத உடம்பு என்பதால் முன்னால் உட்கார்ந்தாள். சோலைராஜ் பின்னால், நாலு பேருக்கு நடுவில், மடியில் உளுந்து மூட்டையோடு. மேம்பாலத்தில் முள் அரையைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது.

"தொட்டுட்டு அண்ணாச்சி" என்றாள் சுடலையம்மாள்.

"பாத்தியாடே மாப்ள?"

"உளுந்துதான் தெரியுது அத்தான்" என்றது மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்தா சுடலையம்மா பாத்தால்லா."

"ஓசியில வாரவுக சாட்சி செல்லாது."

தீப்பெட்டி ஆபீசில் எல்லோரும் இறங்கிக்கொண்டார்கள், மூட்டையும்தான். சோலைராஜ் முன்னால் வந்து உட்கார்ந்து, சைபருக்குக் கீழே கிடந்த முள்ளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அண்ணாச்சியின் வலது காலில் இறங்கியது. எப்போதும்வென்றான் ஊருக்குப் போகும் ரோட்டில் காலி வண்டி, கட்டை அவிழ்த்துவிட்ட காளை மாதிரி பாய்ந்தது.

"போதும் அத்தான். சொல்லிருதேன். பந்தியில சொல்லிருதேன்."

சொன்னபடியே கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று, "முள்ளு ஒன்னைத் தொட்டுச்சு, என் கண்ணால பாத்தேன்" என்றான். அண்ணாச்சி தலையாட்டினார். அந்த ரோட்டில் இருவருமே கண்ணை இறுக மூடியிருந்தார்கள் என்பதை இருவருமே சொல்லவில்லை.