ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர்

"சொம்பு தூக்கின கை ஸ்பேனர் புடிக்குமா?" என்று பாவா கேட்டார். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவுக்கு நான் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பாவா என்றால் அக்காவின் கணவர். அரக்கோணம் சாலையில் மெக்கானிக் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான். அதனால் விண்ணப்பம் நிரப்பித் தர வீட்டில் யாரும் இல்லை. நல்ல வேளையாக, அதைத் தடுப்பது எப்படி என்றும் யாருக்கும் தெரியவில்லை.

பாவா அப்படிக் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு கார் ஏன் கிளம்பவில்லை என்பதை அவருக்கே ஒருமுறை சொன்னவள் நான். அதில் பெருமைப்பட எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

அப்போது நான் ஏழாவது படித்தேன். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. திருத்தணி மலைக்கு வண்டிகள் ஏறும் சாலையோரம் அம்மா பூசைக் கடை போட்டிருந்தாள். எலுமிச்சம்பழம், பூசணிக்காய், சூடம், மாலை, திருஷ்டிக் கயிறு எல்லாம் விற்பாள். புது வண்டி வாங்கியவர்கள் முருகனைப் பார்த்துவிட்டு இறங்கும்போது எங்கள் கடை முன்னால் நிறுத்துவார்கள். சாமான்களை அம்மா எடுத்துத் தரலாம். வண்டிக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கவும் பொட்டு வைக்கவும் அவள் வரக்கூடாது. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தட்டை அவள் நீட்டினால், கையில் வாங்காமல், "அப்டி வெச்சிடும்மா" என்று பலகையைக் காட்டுவார்கள். அதனால் விடுமுறை நாட்களில் நான்தான் தெளிப்பேன். மற்ற நாட்களில் பக்கத்துக் கடைப் பெண் வருவாள். நானே தெளித்தால் வண்டிக்கு நல்லது என்று சிலர் காத்திருந்துகூடப் பூசை போட்டார்கள். எனக்கு அதில் நிறையக் கர்வம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சிவப்புக் கார் வந்தது. தரையோடு ஒட்டிக்கொண்டு, இரண்டே கதவுகளோடு, முகம் நீண்டிருந்தது. பந்தயத்தில் ஓடுகிற வகை என்றார் கொண்டுவந்த இளைஞர். அவரைவிட வயதில் மூத்த கார். யாரோ கொட்டகையில் போட்டு வைத்திருந்ததை வாங்கி, சென்னையில் ஒரு வருடம் செலவழித்துச் சரிசெய்தாராம். கூடவே அவருடைய அத்தை வந்திருந்தார்.

சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். நாலாவது பழம் உருண்டு ஓடியது. அம்மா குனிந்து எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். இளைஞர் முன்மூடியைத் திறந்தார்.

"எஞ்சினுக்கும் நல்லா தெளி பாப்பா," என்று சொல்லிவிட்டுக் கைபேசியில் படம் எடுக்கத் திரும்பினார்.

புதுக் கார்களில் மூடியைத் திறந்தால் கறுப்புத் தகடுதான் தெரியும். இதில் எல்லாமே வெளியே தெரிந்தன. குழாய்கள், கம்பிகள், மினுமினுக்கும் பித்தளைத் திருகுகள். இவ்வளவு அழகான ஒன்றுக்கு வேப்பிலையால் நாலு சொட்டு தெளிப்பது கஞ்சத்தனமாகப் பட்டது. சொம்பைச் சாய்த்து முழுவதையும் ஊற்றினேன்.

சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, இளைஞர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். கார் கரகரவென்று சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். மறுபடியும் அதே சத்தம்.

கூட்டம் சேர்ந்தது. தள்ளிப் பார்க்கலாம் என்றார் ஓர் ஆட்டோக்காரர். "தள்ளுனா பழம் நசுங்கும். ஆனா வண்டி தானா ஏறி நசுக்குனாதானே கணக்கு?" என்றார் இன்னொருவர். அத்தைக்கும் அதே சந்தேகம். நாலு எலுமிச்சம்பழங்களும் முழுசாக உட்கார்ந்திருந்தன.

பாவாவுக்கு ஆள் போனது. அவர் வந்து, எடுத்ததும் எதையும் தொடவில்லை. சாவியைத் திருப்பச் சொல்லிக் காது கொடுத்தார். "நல்லாத்தான் சுத்துது. பேட்டரி கீது." பின்னால் போய் மூக்கை நீட்டினார். "பெட்ரோலும் வந்துகினு கீது." பிறகு பிளக் வயர் ஒன்றைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி திருப்பச் சொன்னார். பொறி வரவில்லை. "கரண்டுதான் எங்கியோ அடங்கிப் போவுது," என்றவர் அம்மாவைப் பார்த்தார். "தண்ணி கிண்ணி எதனா பட்டுச்சா?"

"லேசா தெளிச்சதுதான்," என்றாள் அம்மா.

நான் சொம்போடு ஊற்றியதை அவள் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பாவா வயர்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். அம்மா என் கையிலிருந்த காலிச் சொம்பை வாங்கி, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு, மஞ்சள் கலந்து, விளிம்புவரை நிரப்பிப் பலகையில் வைத்தாள். அடுத்த வண்டிக்குத் தயார் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அரை மணி நேரம் போனது. அத்தை பொறுக்க முடியாமல் சொன்னார். "நான் அப்பவே பாத்தேன். பழத்தை அந்தம்மா கையால வெச்சாங்க. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாரு."

பக்கத்துக் கடைப் பெண் தன் பழங்களை அடுக்குவது போலத் திரும்பிக்கொண்டாள். இந்தப் பேச்சு ரோடு முழுக்கப் பரவினால் நாளையிலிருந்து எந்த வண்டியும் எங்கள் கடையில் நிற்காது. அம்மா தலை நிமிராமல் திருஷ்டிக் கயிற்றில் மிளகாய் கோத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தண்ணி ஊத்துனேன் பாவா," என்றேன். "ஒரு சொம்பு முழுசா."

பாவா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். வயர்கள் எல்லாம் வந்து சேரும் கறுப்பு மூடியின் கொக்கிகளை நெம்பிக் கழற்றினார். அதில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. உள்ளே மஞ்சளாகச் சில சொட்டுகள் நின்றன. உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலில் காட்டி, மாட்டினார். முதல் திருப்பலிலேயே கார் உறுமியது. நாலு பழங்களும் நசுங்கின. இளைஞர் சிரித்துக்கொண்டே என் தலையைத் தட்டிவிட்டுப் போனார். அத்தை தான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

அம்மா என்னைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "உனக்கு வாய் சும்மா இருக்காதா?" என்றாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அவள் கைமேல் விழுந்த பழியை நான் துடைத்தேன், அவள் என்னையே திட்டுகிறாள் என்று இரவு அழுதுகொண்டே தூங்கினேன்.

டிப்ளமோ முடித்து அரக்கோணத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் நாலு வருடம் வேலை செய்தேன். வண்டி வருவதற்கு முன் கடைசியாக என்ன நடந்தது என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் அதைத்தான் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு மழைநாளில் ஓர் அம்மா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். "தானா நின்னுபோச்சும்மா, ஒண்ணும் தெரியலை," என்றார். கல்லூரி போகும் அவருடைய மகள் முழங்கால்வரை சேற்றோடு நின்றிருந்தாள். அவளை மறைத்துக்கொண்டு அந்த அம்மா நின்ற விதத்தைப் பார்த்ததும் எனக்குப் பலகையில் வைத்த சொம்பு ஞாபகம் வந்தது. அன்று எங்கள் கடைக்கு அடுத்த வண்டி எதுவும் வரவில்லை. விளிம்புவரை நிரம்பிய சொம்பு, தண்ணீர் செலவாகவில்லை என்று சாட்சி சொல்ல அவள் வைத்தது. அம்மா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். விலை உயர்ந்த காரை மகள் கெடுத்துவிட்டாள் என்று நாலு பேர் கேட்பதைவிட, தன் கை ராசியில்லாதது என்று அவர்கள் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள். பழகிப்போன பழிதானே அவளுக்கு. பாவாவுக்கும் அது அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

இந்த மாதம் திருத்தணியிலேயே சொந்தமாகப் பட்டறை தொடங்குகிறேன். அழைப்பிதழில் குத்துவிளக்கு ஏற்றுபவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரைப் போட்டிருக்கிறேன். "இது இன்னா வழக்கம்?" என்று அக்கா கேட்டாள். பாவா எதுவும் கேட்கவில்லை. ஒரு கட்டு அழைப்பிதழை எடுத்துக்கொண்டு பள்ளிப்பட்டுப் பக்கம் கொடுக்கப் போனார். அம்மாவுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. ஊரில் கடைசி அழைப்பிதழையும் கொடுத்து முடித்து, இனி அவள் பெயரை எடுக்கச் சொல்ல வழியில்லை என்றான பிறகுதான், நேற்று மாலை, அவள் முன்னால் உட்கார்ந்து அதை உரக்கப் படித்துக் காட்டினேன்.