ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை தையலக்கா கடை திறக்க மாட்டாள். "நாளைக்கு இண்டர்வியூக்கா, பேண்ட் இடுப்ப மட்டும் பிடிச்சுக் குடுத்துடுங்க" என்று யாராவது காலில் விழுந்தாலும் நடக்காது. அன்றைக்கு அவளுக்கு நகரமன்றத்தில் வேலை. கூப்பிட்டவர் யாருமில்லை, கூலியும் இல்லை. பொதுமக்களுக்கான நாற்காலிகளில் முன்வரிசையில் போய் உட்கார வேண்டும், கூட்டம் முடிந்ததும் எழுந்து வர வேண்டும்.

இது ஒரு வேலையா என்று சிரிக்காதீர்கள். அந்த மன்றத்தில் பழைய விதி ஒன்று இருந்தது. பொதுமக்களில் ஓர் ஆளாவது உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு செலவையும் மைக்கில் முழுசாக வாசித்தாக வேண்டும். எந்தத் தெரு, என்ன வேலை, யாருக்கு எவ்வளவு, எல்லாம். ஆள் இல்லையென்றால் "வாசித்ததாகக் கொள்ளப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டுக் கையைத் தூக்கலாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றுகிறவர்களிடம் ஊற்றும்போது சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஊற்று என்றால் பிடிக்குமா? யாருக்கும் பிடிக்கவில்லை. முதலில் அவள் தலைக்கு மேலிருந்த மின்விசிறி ரிப்பேருக்குப் போனது. போனது போனதுதான். பிறகு கூட்ட நேரத்தைச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றினார்கள். அவள் ரொட்டியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மன்றத்துக்குள் அவளுக்கு 'ஒத்தை நாற்காலி' என்று பெயர்.

அவள் அங்கே போக ஆரம்பித்தது புருஷனால். மூன்றாம் குறுக்குத் தெருவில், அவள் கடைக்கு எதிரே, சாக்கடைக்கு மூடி இல்லை. ஒரு மழை நாளில் தண்ணீர் தெருவையும் சாக்கடையையும் ஒன்றாக மூடிவிட, மனிதர் கால் வைத்துவிட்டார். இடுப்பு எலும்பு போயிற்று. படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. காரியங்கள் முடிந்த பிறகு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் அவள் நகரமன்றத்துக்குப் போனாள். அவள் போய் உட்கார்ந்ததும் எழுத்தர் மைக்கில் வாசிக்க வேண்டியதாயிற்று: மூன்றாம் குறுக்குத் தெரு, சாக்கடை மூடிகள் அனைத்தும் புதிதாகப் போடப்பட்டன, பணி நிறைவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். சோறே இல்லாமல் மறைப்பதை அன்றுதான் பார்த்தாள்.

"பொய்!" என்று எழுந்து கத்தினாள்.

"பொதுமக்கள் பேசக் கூடாதும்மா. உக்காந்து கேட்டுட்டுப் போகலாம்" என்றார் மன்றத் தலைவர். செலவு நிறைவேறியது.

சரி, உட்கார்ந்து கேட்கிறேன் என்று அவள் முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான். அது வீண் போகவும் இல்லை. வாய்விட்டு வாசித்தால் மானம் போகும் என்கிற செலவுகள் மெல்ல மெல்லப் பட்டியலிலிருந்து உதிர்ந்தன. தலைவர் வீட்டு வாசலுக்கு அலங்கார விளக்கு, துணைத் தலைவரின் மச்சான் கடையில் வாங்க இருந்த நூறு குடை, இப்படி. யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. தெருவில் யாருக்கும் தெரியவும் தெரியாது. "செவ்வாய்க்கிழமையானா எங்கதான் போறாளோ மகராசி" என்பதோடு சரி.

இதெல்லாம் காது கேட்ட காலத்துக் கதை.

முதலில் கடிகாரச் சத்தம் போயிற்று. பிறகு கதவு தட்டுவது. ஒருநாள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, ஓடுகிறதா இல்லையா என்று உள்ளங்கையை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். நரம்பு செத்துப்போயிற்று, கருவி வைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவள் அதை மடித்து ஊசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? செவிட்டுக்கு முன்னால் எதற்கு வாசிக்க வேண்டும் என்று தலைவர் கேட்பார். கேட்டால் வாசிப்பது நிற்கும். நின்றால், தன் புருஷன் விழுந்த அந்தக் குழிக்கு எத்தனை தரம் வேண்டுமானாலும் மூடி போட்டுக்கொள்வார்கள். அந்த ஒரு பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. ஆகவே கேட்பதுபோல் இருக்கக் கற்றுக்கொண்டாள். எழுத்தர் வாய் அசையும்போது தலையாட்டினாள். மற்றவர் சிரித்தால் சிரித்தாள். தெருவில் யார் என்ன சொன்னாலும் "ஆமா, ஆமா" என்றாள்.

அந்த 'ஆமா' அவளுக்கு இருந்த ஒரே உறவையும் தின்றது. வேறு ஊரிலிருக்கும் மகள் ஞாயிறுதோறும் போன் செய்வாள். வழக்கமாக எல்லாம் நல்ல சேதிதான் என்ற நினைப்பில், இவளும் குத்துமதிப்பாக அவ்வப்போது "ரொம்ப சந்தோஷம்மா" என்று போட்டுவைப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அழுதுகொண்டே, "அவருக்கு வேலை போயிடுச்சும்மா" என்றிருக்கிறாள். இவள் "ரொம்ப சந்தோஷம்மா" என்றாள். அன்று மாலை போனில் ஒரு வரி வந்தது: 'இதுல சந்தோஷப்பட என்னம்மா இருக்கு?' அதற்குப் பிறகு போன் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை எழுதி எழுதி அழித்தாள். மகளுக்குத் தெரிந்தால் வந்து கையோடு அழைத்துக்கொண்டு போய்விடுவாள். நாற்காலி காலியாகிவிடும்.

எழுத்தருக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரு கூட்டத்தில் மைக் வீறிட்டபோது எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ள, அவள் மட்டும் புன்சிரிப்போடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். அவருக்கு அவள்மேல் பிரியமெல்லாம் கிடையாது. வாசித்து வாசித்துத் தொண்டை கட்டி, இருமல் மிட்டாயே ஆகாரம் என்று ஆகிப்போனவர். ஆனாலும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே மழை. நகரமன்ற வாசலில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள்: மூன்றாம் குறுக்குத் தெரு, சாக்கடை மூடிகள். மறுபடியும்! அவள் கடைக்கு எதிரே இன்றைக்கும் ஒரு மரப்பலகைதான் கிடக்கிறது. குடையை உதறிவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பின்னால் வழக்கம்போல் காலி நாற்காலிகள்.

அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குக் கேட்கவில்லை. நாம் கேட்போம்.

துணைத் தலைவர் அவளுக்குப் பின்னால் நடந்துபோய், "அம்மா! உங்க கடையில தீ!" என்று கத்தினார். அவள் அசையவில்லை. மன்றமே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். எல்லோர் கண்ணும் தன் மேல் இருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு உறைந்து, குடையின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேனே" என்றார் துணைத் தலைவர்.

"இத்தன நாளா செவிடன் காதுல சங்கு ஊதிட்டிருந்தோமா!" என்றார் தலைவர். "வாசிச்சதா எடுத்துக்கலாம். கையத் தூக்குங்க."

எழுத்தர் இருமல் மிட்டாயைத் துப்பினார். "ஓர் ஆள் உக்காந்திருந்தா வாசிக்கணும்னுதாங்க விதி. காது கேக்குதான்னு பரிசோதிக்கச் சொல்லல. அப்படிப் பாக்கப்போனா இந்த மன்றத்துல எத்தன பேருக்குக் காது கேக்குது?"

யாரும் பதில் சொல்வதற்குள் மைக்கைப் போட்டார். மைக்கைப் போட்டால் வெளி நடைவழியில் இருக்கும் ஒலிபெருக்கியும் பேசும். அங்கே தண்ணீர் வரி கட்ட வரிசை நின்றிருந்தது. "மூன்றாம் குறுக்குத் தெரு, சாக்கடை மூடிகள் அனைத்தும் புதிதாகப் போடப்பட்டன, பணி நிறைவு" என்று எழுத்தர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வரிசையில் நின்ற சாவிக்கடைக்காரர் நிமிர்ந்தார். அவருக்கு முன்னால் நின்றவள் அதே தெருவில் துணி வெளுப்பவள்.

"நம்ம தெருவா?"

"வாங்கண்ணே, என்னன்னு கேப்போம்."

இருவரும் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தார்கள்.

"என்னங்கய்யா இது அநியாயம்? காலையில நான் பலக மேல நடந்துதானே வந்தேன்!" என்றார் சாவிக்கடைக்காரர்.

"பொதுமக்கள் பேசக் கூடாது!"

"பேசல. உக்காந்து பாக்கறோம், யார் கையத் தூக்கறீங்கன்னு" என்றாள் வெளுப்பவள். இருவரும் தையலக்காவுக்கு நேர் பின்னால் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

ஒரு கையும் எழவில்லை. தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நேரில் பார்த்தபின் முடிவு செய்யலாம் என்று அந்தச் செலவை ஒத்திவைத்தார். வரிசையில் இடம் போய்விடும் என்று இருவரும் எழுந்தார்கள். "வர்றோம்க்கா" என்றாள் வெளுப்பவள். தையலக்கா திரும்பவில்லை.

"பாத்தீங்களா, திரும்பிக்கூடப் பாக்கல. என்ன ராங்கி!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

தையலக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: எழுத்தரின் உதட்டில் தன் தெருவின் பெயர் வந்தது, தலைவர் முகம் வெளுத்தது, ஒரு கையும் எழவில்லை. ஏன்? அவளுக்குப் புரியவே இல்லை. கூட்டம் கலைந்ததும் குடையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

பின்னால் இரண்டு நாற்காலிகள் வரிசை கலைந்து கிடந்தன. அவற்றின் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. அவள் குடை சொட்டிய தண்ணீர் அவள் நாற்காலிக்கடியில்தான் இருந்தது. இது வேறு. ஒரு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். ஈரத்துக்கு அடியில் இன்னும் சூடு இருந்தது. அடுத்ததிலும் இருந்தது.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தன்னோடு ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே இருந்தும் தெரியாமல் போயிற்றே.

எழுத்தர் மைக்கை அணைத்துக்கொண்டிருந்தார். அவள் நேராக அவரிடம் போனாள்.

"யாரு வந்தாங்க?"

அவர் ஏதோ சொன்னார். வழக்கமாக என்றால் இங்கே ஒரு 'ஆமா' வந்திருக்கும். அவள் தலையை இல்லையென்று ஆட்டினாள்.

"எனக்குக் காது கேக்காதுங்க" என்றாள். சத்தம் கூடிப்போய் மன்றம் முழுக்க எதிரொலித்தது. வாசல் வரை போயிருந்த தலைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. "சுத்தமா கேக்காது. யாருன்னு காட்டுங்க."

எழுத்தர் இரண்டு விரலைக் காட்டினார். ஒரு விரலை மடக்கி, பூட்டில் சாவி திருகுவதுபோல் கையைத் திருகினார். பிறகு துணியைக் கல்லில் அடிப்பதுபோல் காட்டினார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அடுத்த மாசமும் வருவாங்களா?"

எழுத்தர் கையை விரித்தார்.

அவள் கண்ணைத் துடைத்த கைக்குட்டையாலேயே அந்த இரண்டு நாற்காலிகளையும் ஈரம் போகத் துடைத்தாள். ஒவ்வொன்றாக இழுத்துவந்து, முன்வரிசையில், தன் நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் போட்டாள். யார் வந்து உட்கார்ந்தாலும் கண்ணில் படவேண்டும்.