இழுத்து இழுத்து ஓடிய ஜெனரேட்டர்

அது பழைய மினி பஸ். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, ஃபேன் எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கியிருந்தார்கள். பின்பக்கம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் பெட்ரோல் ஜெனரேட்டர். முதலாளி குடும்பம் மதுரையில் சேலை வியாபாரம் செய்த சௌராஷ்டிராக்காரர்கள். முதலாளியின் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மிஷின் நின்றால் மாட்ட ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் உண்டு. அவரை வெளியே கூட்டிப்போக அந்த வண்டி. ஓட்ட நான்.

சோழவந்தானில் அவருடைய மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பார்க்க ஆசைப்பட்டார். காலையில் கூட்டிப்போனோம். கூட வந்தது மருமகள் மட்டும். முதலாளி வெளியூர்.

போகும்போதே, ஊரை நெருங்கியதும் ஜெனரேட்டர் லேசாகத் திணறியது. போன பிறகு டேங்கைத் திறந்து கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினேன். ஒழுங்காக ஓடியது. மட்டமான பெட்ரோல் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில் மறியல். குடிதண்ணீர் வரவில்லை என்று பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு முன்னால் நெல் லாரி. பின்னால் டவுன் பஸ். ரெண்டு பக்கமும் வாய்க்கால். திருப்ப முடியாது.

அங்கே நின்றபோதுதான் ஜெனரேட்டர் இழுக்க ஆரம்பித்தது. உறுமி ஏறும். பிறகு குரல் தாழ்ந்து சாகப் போகும். மறுபடி ஏறும். உள்ளே ஃபேனும் அதோடு சேர்ந்து வேகம் கூடிக் குறைந்தது. ஆக்சிஜன் மிஷின் பீப், பீப் என்று கத்தியது.

மருமகள் ஜன்னலில் தலையை நீட்டினாள். "அண்ணே, மிஷின்ல செவப்பு லைட்டு எரியுது."

"பாக்குறேன்மா."

"சின்ன சிலிண்டர மாட்டவா?"

"முள்ளு எங்க நிக்குது?"

"கீழ நிக்குதுண்ணே."

"அப்ப இப்ப வேணாம். கடைசிக்கு வச்சுக்குவோம்."

சொன்ன பிறகுதான் 'கடைசி' என்ற வார்த்தை எனக்கே உறைத்தது.

பெட்டியைத் திறந்தேன். ஜெனரேட்டரை நிறுத்தினால் திரும்பக் கிளம்புமோ என்று பயம். நிறுத்தாமல் பார்க்கவும் வழியில்லை. அவளைச் சிலிண்டரை மாட்டச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். ஏர் ஃபில்டரை உதறினேன். டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு, பெட்ரோல் இருப்பதைப் பார்த்து மூடினேன். கயிற்றை இழுத்தேன். கிளம்பியது. சீராக ஓடியது. "சிலிண்டர மூடும்மா" என்றேன். பிளக்தான் காரணம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம். திரும்ப இழுப்பு.

மறுபடி சிலிண்டர். மறுபடி நிறுத்தினேன். இந்த முறை கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி ஊதினேன். டேங்கில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மூடி, கிளப்பினேன். சீராக ஓடியது. கார்புரேட்டர்தான் என்று நினைத்தேன். திரும்ப இழுப்பு. ஸ்பேனர் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க நேரமானது.

பின்னால் நின்ற டவுன் பஸ் டிரைவர் இறங்கி வந்தார். வெற்றிலைவாய். பஸ்ஸில் உட்கார்ந்து சலித்துப்போயிருந்தார்.

"என்ன மாப்ள, ஒன் மிஷினுக்கு இழுப்பு நோவா? ஏறுது எறங்குது. வைத்தியர்கிட்டக் காட்டுனியா?"

மருமகள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னால் பெரியவர் தெரிந்தார். மூக்கில் குழாய். கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

பஸ் டிரைவர் வெற்றிலையைத் துப்பினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "தெரியாதுப்பா. தெரிஞ்சா சொல்லிருப்பனா" என்றார்.

அவர் போய் மறியல்காரர்களிடம் பேசினார். திரும்பி வந்து, "அவுக விடுறோங்குறாக மாப்ள. ஆனா முன்னாடி எம்புட்டு வண்டி நிக்குது! எதத் தூக்கி வாய்க்கால்ல போடுறது?" என்றார்.

உள்ளே பெரியவர் அவர்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்கு அது புரியாது. தண்ணீர் கேட்கிறாரா, மூச்சு முட்டுது என்கிறாரா, மகனைக் கேட்கிறாரா, தெரியவில்லை. அதுதான் அன்றைக்கு என்னை ரொம்பப் பயமுறுத்தியது. மருமகள் செல்லில் டாக்டரிடம் பேசினாள். உடனே கொண்டுவரச் சொன்னாராம்.

"சிலிண்டர் முள்ளு அடியில உக்காந்துருச்சுண்ணே" என்றாள். அழவில்லை. குரல் மட்டும் மெலிந்துவிட்டது.

இனி ஜெனரேட்டரை நிறுத்த முடியாது. ஓட ஓடத்தான் பார்க்க வேண்டும். அது தாழ்ந்துகொண்டே போனது.

"பெட்ரோல் இருக்கா பாரு மாப்ள" என்றார் பஸ் டிரைவர்.

"இருக்குண்ணே. ரெண்டு தடவ பாத்தேன்."

"மூணாவது தடவ பாரு. என்ன கொறஞ்சுரப்போற?"

சூடான இஞ்சினுக்கு மேலே பெட்ரோல் டேங்கைத் திறக்கக்கூடாது. தெரியும். திறந்தேன். மூடி வரமாட்டேன் என்றது. அழுத்தித் திருகினேன். உஸ்ஸென்று காற்று டேங்குக்குள் இழுத்தது.

ஜெனரேட்டர் எழுந்தது. நான் வேறு எதையும் தொடவில்லை. குரல் ஏறி, அப்படியே நின்றது. உள்ளே பீப் சத்தம் அடங்கியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. அதன் மேல் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். காய்ந்து கல்லாகியிருந்தது. மூன்று நாள் முன்பு ஆயுத பூஜை. வண்டிக்கு மருமகள்தான் பொட்டு வைத்தாள். சக்கரத்துக்கு, ஸ்டியரிங்குக்கு, கண்ணாடிக்கு. மாமனாருக்கு மூச்சுக் கொடுக்கிற மிஷின் என்று ஜெனரேட்டருக்குத் தனியாக, நடு உச்சியில், வட்டமாக. டேங்குக்குள் காற்றுப் போக வழியில்லை. பெட்ரோல் இறங்கவில்லை. நான் மூடியைத் திறந்த நேரமெல்லாம் சரியாகியிருக்கிறது. நான் பிளக்கையும் கார்புரேட்டரையும் நம்பியிருக்கிறேன்.

"ஒரு ஊக்கு குடும்மா" என்றேன்.

வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். குத்திக் குத்தித் துளையைத் திறந்தேன். வாயால் ஊதிப் பார்த்தேன். மூடினேன்.

"என்னண்ணே அது?"

"புழுதிம்மா."

ஊக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது துடைக்க மறந்துவிட்டேன். அவள் அதன் முனையைப் பார்த்தாள். மூக்குப் பக்கம் கொண்டுபோனாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

பஸ் டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பினார்.

தண்ணீர் லாரி அனுப்புவதாக யாரோ அதிகாரி வந்து சொன்ன பிறகு குடங்கள் எழுந்தன. வண்டிகள் நகர்ந்தன. நானும் எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் மருமகள் நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் பின்னால் போய் அந்த மூடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஏறினாள். திரும்பக் கொஞ்ச தூரம். திரும்ப நிறுத்தச் சொன்னாள்.

மூன்றாவது முறை அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். நிறுத்தி நிறுத்தி, குழாய்க்கு நடுவே சொன்னார். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடி அழுதாள்.

நான் வேகத்தைக் குறைத்தேன். "என்னம்மா சொல்றாரு?"

"அவர்கிட்ட நான் சொல்லிட்டேண்ணே, சந்தனத்த." மூக்கை உறிஞ்சினாள். "எனக்குப் பொட்டு வச்சா நெத்தியில வையி, மூக்குல அப்பிறாதங்குறாரு."

கண்ணாடியில் பார்த்தேன். பெரியவர் கண்ணை மூடிக்கிடந்தார். உதடு ஓரம் மட்டும் கோணியிருந்தது. சிரிப்பா, மூச்சா, தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வைகைப் பாலம் வரும்வரை ஹாரன் அடிக்கவில்லை. அடித்தால் பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் காதில் விழாது.