கீழே நின்று கை தட்டியவர்கள்

ஜனவரி 18, ஞாயிறு. வழக்கம்போல ஆறு மணிக்கு எழுந்து, லண்டனில் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு, மிட்சம் பகுதியிலுள்ள வீட்டுக்குத் திரும்பி, வாரத்துக்கான சட்டைகளை அயன் செய்து அடுக்கினேன். மதியம் தம்பி ரவி வந்தான். இரண்டு குடும்பங்களுமாகப் பிரான்சுக்குப் போய் மூன்று நாள் பனிமலையில் சறுக்கும் திட்டத்தை அவனுக்கு விளக்கினேன். சுவிஸில் வளர்ந்த ரவி வேகமாகச் சறுக்குவான். நான் சுமார். என் மனைவி மாலதி மிக மெதுவாகத்தான் இறங்குவாள். ஆனாலும் போன வருடத்தைப் போலவே எல்லோரும் ஒரே பாதையில், ஒருவரையும் விட்டுவிடாமல் போவது என்பதே என் ஏற்பாடு.

"நான் வரேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றாள் மாலதி.

"உங்களை விட்டுட்டுப் போறதோ, அண்ணி? ஒவ்வொரு வளைவிலையும் நிண்டு கூட்டிக்கொண்டு போவம்," என்றான் ரவி.

"அதுதான் ஏலாது!" என்றாள் மாலதி. "போனமுறை நீங்கள் எல்லாரும் கீழ நிண்டு கை தட்டத் தட்ட எனக்குக் கால் நடுங்கினது. உங்களைக் காக்க வைக்கிறனே எண்டு அவசரப்பட்டுத்தான் விழுந்தனான். தனிய விட்டால் வாறன். ஆறுதலா, மெதுமெதுவா இறங்குவன்."

ரவி தலையைச் சொறிந்தான். "நான் விசிலும் அடிச்சனான், அண்ணி."

மாலதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அவளுக்காகக் காத்து நின்றதை அன்பு என்றே ஒரு வருடமாக நினைத்திருந்தேன். அந்த அன்புதான் அவளைத் தள்ளி விழுத்தியிருக்கிறது.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, சறுக்குப் பாதைகளின் வரைபடத்தை விரித்து அவளுக்கு எளிதான பாதையையும் ரவிக்குச் செங்குத்தான பாதையையும் பிரித்து வைத்தேன். பிறகு மலையடிவார உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மேசையைப் பதிவு செய்தேன்.