எரியாத சிக்னல்

காலை ஆறு பத்து. விழுப்புரம் ரயில்வே காலனி மன்றத்தின் சன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது, அந்தரத்தில் நின்ற ஒரு பாதம். வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டிருந்தது. நான் பைக்கை நிறுத்தி, சாவியை எடுத்து, சன்னலுக்கு வந்து சேரும்வரை அது தரையைத் தொடவில்லை.

அப்போது நான் ஒரு நாளிதழின் விழுப்புரம் செய்தியாளர். காலனியில் தண்ணீர் வரவில்லை என்ற புகாரை விசாரிக்கப் போயிருந்தேன். முன்னறிவிப்போடும் இல்லாமலும் மின்சாரத்தை வெட்டிய ஆண்டுகள் அவை.

கூடத்துக்குள் ஓய்வுபெற்ற என்ஜின் டிரைவர்களும் ரயில் கார்டுகளும் இரண்டு வரிசையாக நின்று, தண்ணீருக்குள் நடப்பவர்களைப் போல நகர்ந்துகொண்டிருந்தார்கள். எதிரே ஒரு பெண், கீபோர்டில் மிக மெதுவான மேற்கத்திய இசை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் திண்டிவனத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மலேசியாவில் பல ஆண்டுகள் பியானோ சொல்லிக்கொடுத்திருக்கிறார். அங்கே பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணியிடம் தாய் சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். எல்லோருக்கும் அவர் டீச்சர்.

அவருடைய பாடமுறை விசேஷமானது. தரையில் சாக்பீஸால் ஐந்து கோடு இழுத்து, மௌனத்துக்கான குறியை அதில் போட்டுக் காட்டுவார். மேற்கத்திய இசையில் ஓசையில்லாத இடத்துக்கும் நீளம் உண்டு, அதையும் வாசித்தாக வேண்டும் என்பார். பிறகு கால்களுக்கு வருவார். உடம்பின் பாரம் இருக்கும் கால் கனத்த கால். பாரமில்லாதது காலியான கால். காலியான கால்தான் அடுத்த இடத்துக்குப் போக முடியும். சீனர்கள் காலியை இல்லாமை என்று நினைப்பதில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். மௌனக் குறியும் காலியான காலும் அவருக்கு ஒன்றுதான்.

மாணவர்கள் இதில் தங்கள் தொழிலைச் சேர்த்துக்கொண்டார்கள். ஓடும் வண்டியில் டிரைவரும் உதவி டிரைவரும் சிக்னலைக் கண்டதும் சத்தமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒருவர் "பச்சை" என்றால் மற்றவரும் "பச்சை" என்பார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒருவர் "இடது காலி" என்று குரல் கொடுக்க, பக்கத்திலிருப்பவர் "இடது காலி" என்று ஒப்புக்கொள்வார். டீச்சர் முதலில் சிரித்தாராம். அப்புறம் விட்டுவிட்டார்.

சிக்கல் ஷட்டில் பேட்மிண்டன் ஆடுகிறவர்களால் வந்தது. மன்றத்தின் செயலாளர் கூடத்தில் வலை கட்ட விரும்பினார். காலை நேரம் அவர்களுக்கும் வேண்டும். ஒருநாள் அந்தக் கோஷ்டியில் ஒருவர் வாசலில் நின்று கேட்டார்.

"இன்னா மாமா, கல்லே இல்லாம மாவாட்டிக்கினு இருக்கீங்க?"

முன்வரிசை டிரைவர் திரும்பாமலே பதில் சொன்னார். "உனக்கும் சேத்துதான்பா ஆட்டறோம். இட்லிக்கு வந்துடு."

மன்றத்தின் ஆண்டு விழாவில் செய்து காட்டட்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று கமிட்டி சொன்னது. டீச்சருக்கு இது மூன்றாவது இடம். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடியை முகூர்த்த மாதங்களில் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு பள்ளி மைதானத்தில், இது எந்தச் சாமிக்குச் செய்கிற பூசை என்று பெற்றோர் கேட்க, அதுவும் போனது. இந்தக் கூடமும் போனால் வகுப்பை நிறுத்திவிடுவேன் என்று அவர் என்னிடம் தெளிவாகவே சொன்னார்.

விழாவுக்கு முன்தினம் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். மேடையில் குரல் கொடுக்க வேண்டாம், சனங்கள் சிரிப்பார்கள். "கீபோர்டுதான் உங்களுக்கு சிக்னல். அதை மட்டும் பாத்துப் போங்க."

விழா சாயங்காலம் நடந்தது. வெளிச்சம் இன்னும் சன்னலில் இருந்தது. முன்வரிசையில் கமிட்டி, பின்னால் காலனிக் குடும்பங்கள். பாதி ஆட்டம் நன்றாகவே போனது. சேவல் ஒற்றைக்காலில் நிற்பது போன்ற நிலைக்கு எல்லோரும் முழங்காலைத் தூக்கியபோது கரண்ட் போனது. மின்விசிறிகள் தளர்ந்தன. கீபோர்டு ஊமையானது.

மேடையில் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒற்றைக்காலில்.

டீச்சர் ஊமைக் கட்டைகளை அழுத்திப் பார்த்தார். தலையசைத்து, தொடரச் சொல்லிச் சைகை காட்டினார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒரு வருடம் கைத்தடியோடு நடந்த கார்டு பின்வரிசையில் இருந்தார். அவர் தாடை நடுங்கியது. தூக்கிய கால் இறங்கவில்லை.

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த, இன்னும் பணியிலிருக்கும் டிரைவர் ஒருவர்தான் மனைவியிடம் சொன்னார். "சிக்னல் அணைஞ்சிபோச்சில்ல. எரியாத சிக்னல்னா சிவப்பு. அதான் நின்னுகினு இருக்காங்க."

அது வரிசை வரிசையாகப் பரவியது. டீச்சரின் காதுக்கும் போனது. முதலில் எழுந்த சிரிப்பு தானாக அடங்கியது. கமிட்டி ஆட்கள் உட்பட அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ரயில்வேக்காரர்கள். அறுபதைக் கடந்தவர்கள் ஒற்றைக்காலில் அசையாமல் நிற்பதை அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஜெனரேட்டர் அறையிலிருந்து கயிறு இழுக்கும் சத்தம் மட்டும் வந்தது.

டீச்சர் எழுந்தார். மேடையின் நடுவுக்கு வந்து, கையை உயர்த்திச் சத்தமாகச் சொன்னார்.

"பச்சை."

"பச்சை" என்றார்கள் மேடையில். "பச்சை" என்றது கூடம் முழுவதும். எனக்கும் வாயில் வந்துவிட்டது.

பாதங்கள் மெதுவாக, ஒன்றாக இறங்கின. மீதி ஆட்டத்தை இசை இல்லாமல், "இடது காலி, வலது காலி" என்று உரக்கக் குரல் கொடுத்தே முடித்தார்கள். நடுவில் ஜெனரேட்டர் உயிர்பெற்றது. டீச்சர் கீபோர்டு பக்கம் போகவில்லை, அவர்களோடு சேர்ந்து ஆடினார். கடைசியில் எழுந்த கைதட்டலில் ஷட்டில் கோஷ்டியின் விசில்தான் பலமாகக் கேட்டது. கார்டு மேடைப் படியில் ஒருவர் தோளையும் பிடிக்காமல் இறங்கி வந்தார்.

நான் அனுப்பிய செய்தி ஒரு பத்தியாக வந்தது. 'முதியோர் கராத்தே சாகசம்' என்று தலைப்பு வைத்திருந்தார்கள். டிரைவர்கள் அதை வெட்டி, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

கமிட்டி அந்த வாரமே கூடியது. காலை நேரம் வகுப்புக்கு, சாயங்காலம் ஷட்டிலுக்கு என்று முடிவானது.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர் செயலாளரின் மனைவி.