ஈரம் நிற்காத பெட்டி

குஞ்சு பொரிக்கும் முட்டைப் பெட்டிக்குத் தகரம் வெட்டி, சட்டம் அடித்து, கதவு மாட்டிக் கொடுத்தவன் இந்த வெல்டர்தான். ஆனால் அவனுடைய அக்கா புருஷன் அவனை அந்தப் பெட்டிப் பக்கம் அண்டவே விட்டதில்லை. "உனக்கு முரட்டுக் கை மாப்ள, தள்ளியே நில்லு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பார். வருஷக்கணக்காக அது அவன் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது.

மாமா பஸ் ஓட்டி, முதுகு போய், வீட்டோடு முடங்கினவர். சாமான் அறையில் குஞ்சு பொரித்து விற்க ஆரம்பித்த பிறகுதான் அவர் முகத்தில் களை வந்தது. இப்போது வரிசையாக இரண்டு ஈடு முட்டை நாசம். உள்ளே இருக்கும் மூன்றாவது ஈடும் போனால் பெட்டி பழைய இரும்புக் கடைக்குத்தான் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். பெட்டியில் எங்கோ ஓட்டை இருக்கிறது, உள்ளே ஈரம் நிற்கமாட்டேன் என்கிறது, வந்து அடை என்று மாமாவே வெல்டரைக் கூப்பிட்டார்.

அவனும் இண்டு இடுக்கெல்லாம் தடவிப் பார்த்தான். ஓட்டையைக் காணோம்.

"அப்போ ஈரம் எங்க மாமா போகுது?"

"தெரிஞ்சா உன்னை எதுக்குடா கூப்பிடுறேன்? முதல்ல தண்ணி ஜாஸ்தி வச்சேன், குஞ்சு ஊதிப்போய் ஓட்டுக்குள்ளயே மூச்சுமுட்டிச் செத்துது. அடுத்து குறைச்சேன், மூக்கை நீட்டினதோட சவ்வு காஞ்சு ஒட்டிக்கிச்சு. இந்த தடவை அளவாத்தான் வச்சிருக்கேன். ஈரம் காட்டுற மீட்டர் ஏறுது, திடீர்னு இறங்குது."

வெல்டருக்குத் தலை கிறுகிறுத்தது. கூட்டினாலும் சாவு, குறைத்தாலும் சாவு. இது என்ன தொழிலோ.

அந்த நேரம் பார்த்து ஒரு முட்டை கீறிக்கொண்டு கீச்சென்றது. மாமா கதவைத் திறந்து குனிந்து பார்த்தார், மூடினார். அடுத்த கீச்சுக்கும் அதேதான்.

வெங்காயம் உரித்துக்கொண்டே அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். "கதவுக் கண்ணாடியில இப்பதானே ஆவி படிஞ்சிருந்துச்சு, எங்க காணோம்?"

"சும்மா ஒரு பார்வை பார்த்தேன்."

"ஒரு பார்வையா? நான் வந்து நின்னதுக்கப்புறமே ரெண்டு பார்த்தாச்சு."

"அது கூப்பிடுதேடி. எப்படி பாக்காம இருக்கிறது?"

சொன்ன கையோடு அவர் விரல் மறுபடி கைப்பிடிக்குப் போயிருந்தது. அதை யாருடைய விரலோ என்பது போலப் பார்த்தார். மீட்டர் முள் கீழே இறங்கிக் கிடந்தது. சிரிப்பதா, திட்டுவதா என்று வெல்டருக்குப் புரியவில்லை.

"மாப்ள, இந்தக் கதவை கம்பி போட்டு முறுக்கிடு" என்றார் மாமா. "எல்லாக் குஞ்சும் முட்டையை விட்டு வெளிய வந்து நடக்கிற வரைக்கும் பிரிக்காத. இங்க இருக்கிற குறடையும் எடுத்துட்டுப் போயிடு. நானே வந்து கெஞ்சினாலும் குடுக்காத."