லொம்பே எஞ்சினை அணைத்த நாள்

எங்கள் டிரைவர் லொம்பே இன்று தொப்பியைக் கழற்றி, தானே ஜெபம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். புதிதாகப் பார்ப்பவர்கள், பைபிளோடு பிறந்த மனிதர் என்று நினைப்பார்கள். நல்ல கதை! அவர் பஸ்ஸில் பதினாறு வருஷமாகக் கண்டக்டராக நிற்பவன் நான். என்னிடம் கேளுங்கள்.

எங்கள் தலைநகர் லுசாகாவில் பஸ் கிளம்பும் முன் பிரசங்கிகள் ஏறி, பயணத்துக்காக ஜெபிப்பார்கள். அவர்கள் வாயைத் திறந்ததும் லொம்பே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். அந்த உறுமலில் கர்த்தருக்கே காது அடைத்துப்போகும்.

"எங்கம்மாவைக் காப்பாத்தாதவருக்கு என்னய்யா ஜெபம்?" என்பார்.

அம்மா செத்தபோது அப்பா கசொங்கோ எங்கோ குடித்துவிட்டுக் கிடந்தார்; அடக்கத்துக்கும் வரவில்லை. அன்றோடு உறவு அறுந்தது. பிறகு கிழவர் குடியை விட்டு, செரென்ஜே ஊரைத் தாண்டிச் சாலையோரம் சர்க்கரைவள்ளிக்கிழங்கு விற்க உட்கார்ந்தார். வாரத்தில் மூன்று நாள் எங்கள் பஸ் அவரைக் கடக்கும். அங்கே வந்ததும் லொம்பே வேகத்தைக் கூட்டுவார். பதினோரு வருஷம்! நிறுத்திப் பாருங்கள் என்று நானும் சொல்லி அலுத்துவிட்டேன். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஒரு நாள் புவால்யா என்ற பிரசங்கியம்மா ஏறினார். லொம்பே வழக்கம்போல எஞ்சினை உறுமவிட்டார். பிரசங்கியம்மா அசையவில்லை.

"நீ நம்பவே வேண்டாம், தம்பி. நான் ஆமென் சொல்ற வரைக்கும் அணைச்சு வை, போதும்."

"ஒரு நிமிஷம். மேல போனா இறக்கி விட்டுடுவேன்."

சாவியைத் திருப்பினார். ஏன் திருப்பினார் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

"உன் பேரு?"

"லொம்பே."

"யார் மகன்?"

அவர் முகம் கறுத்தது.

"கசொங்கோ மகன்," என்றார்.

"ஆண்டவரே, கசொங்கோ மகன் லொம்பேயை, அவனுக்காகக் காத்திருக்கிறவங்ககிட்ட பத்திரமா சேர்த்துடும். ஆமென்."

அவ்வளவுதான் ஜெபம். கடவுளுக்குக் கதவை அகலத் திறக்க வேண்டியதில்லை, விரல் நுழைய இடம் கொடுத்தால் போதும். நான் கண்ணால் பார்த்தவன், அடித்துச் சொல்வேன்.

செரென்ஜே தாண்டியதும் பஸ் நின்றது.

"யோவ், வண்டி படுத்துடுச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

கிழவரின் மேசை காலியாக இருந்தது. லொம்பே இறங்கி, பக்கத்தில் காளான் விற்றவளிடம் போனார்.

"கசொங்கோ எங்க இருக்காரு?"

"அப்படி யாரும் இங்க இல்லையே."

"இந்த மேசைக்காரர்... வயசானவர்."

"அட, நம்ம ஷிலொம்பேயா! வந்த அன்னைக்குப் பேரு கேட்டோம், அதைத்தான் சொன்னாரு. வேற பேரு யாருக்குத் தெரியும்?"

எங்கள் பக்கம் ஒருவனை மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் அழைப்போம். ஷிலொம்பே என்றால் லொம்பேயின் அப்பா. நின்று பார்க்காத மகனின் பெயரை அந்த மனிதர் பதினோரு வருஷம் சுமந்திருக்கிறார்! லொம்பே மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

அவள் குடிசைப் பக்கம் திரும்பிக் கூவினாள். "ஷிலொம்பே! உங்களைத் தேடி வந்திருக்காங்க!"

"என்னைத் தேடியா? யாரு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

லொம்பே கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்.

"நான்தாம்ப்பா."